துப்பாக்கி மேகசினில் தோட்டா நிரப்பியே வைத்திருந்தால் ஸ்பிரிங் தளர்ந்துவிடுமா? உண்மை என்ன?

சினிமாவில் இந்தக் காட்சியை அடிக்கடி பார்த்திருப்பீர்கள். பல வருஷமா பெட்டிக்குள் கிடந்த பிஸ்டலை ஹீரோ எடுப்பார், தூசியை ஊதுவார், அடுத்த நொடியே சுடுவார். நிஜத்தில் அது நடக்குமா? அத்தனை வருஷம் மேகசினுக்குள் அமுங்கியே கிடந்த ஸ்பிரிங், தோட்டாவை மேலே தள்ளுமா? இல்லை, களைத்துப் போய்ப் படுத்துவிடுமா?

துப்பாக்கி அதிகம் புழங்கும் அமெரிக்காவில் இது பல தலைமுறையா நடக்கும் விவாதம். "மேகசினை நிரப்பியே வைக்காதே, ஸ்பிரிங் போயிடும்" என்று ஒரு தரப்பு சொல்லும். "அதெல்லாம் கட்டுக்கதை" என்று இன்னொரு தரப்பு மறுக்கும். உலோகவியல் இதற்கு என்ன பதில் சொல்கிறது? இந்தத் தொகுப்பில் பார்க்கலாம்.

நேரடியான பதில் என்ன?

ஒழுங்கா வடிவமைத்துத் தயாரித்த மேகசின் என்றால், தோட்டா நிரப்பி சும்மா வைப்பதால் மட்டும் அதன் ஸ்பிரிங் பயன்படாமல் போகாது. முதலில் கொஞ்சம் உயரம் குறையும். பிறகு பெரும்பாலும் அதே நிலையில் நிற்கும்.

ஸ்பிரிங்கை உண்மையில் தேய்ப்பவை வேறு. திரும்பத் திரும்ப அமுக்கி விடுவது, தாங்கும் அளவுக்கு மேல் அமுக்குவது, துரு, அதிக வெப்பம் ஆகியவைதான் அவை. மேகசின் கோளாறு என்று சொல்லப்படும் பல சம்பவங்களில் ஸ்பிரிங் மீது பழி விழும், காரணம் வேறெங்கோ இருக்கும்.

ஆனால் இதில் ஒரு விதிவிலக்கும் உண்டு, ஒரு முக்கியமான எச்சரிக்கையும் உண்டு. இரண்டையும் கீழே பார்ப்போம்.

முதலில், மேகசின் என்றால் என்ன?

மேகசின் என்பது தோட்டாக்களை அடுக்கி வைக்கும் பெட்டி. பிஸ்டலில் கைப்பிடிக்குள் செருகுவார்கள். ரைஃபிளில் அடிப்பகுதியில் மாட்டுவார்கள். பார்க்கச் சின்னப் பெட்டிதான், ஆனால் உள்ளே 5 பாகங்கள் சேர்ந்து வேலை செய்கின்றன.

ஒன்று, வெளிக்கூடு. இது இரும்புத் தகடு, அலுமினியம் அல்லது பிளாஸ்டிக்கில் இருக்கும். இரண்டு, உள்ளே இருக்கும் ஸ்பிரிங். மூன்று, ஸ்பிரிங்கின் தலையில் உட்கார்ந்து தோட்டாக்களைத் தாங்கும் தட்டு. இதற்கு 'ஃபாலோயர்' என்று பெயர். நான்கு, கீழே மூடியிருக்கும் அடித்தட்டு. ஐந்து, மேல்வாயில் உள்பக்கமா வளைந்திருக்கும் இரண்டு விளிம்புகள். தோட்டா வெளியே துள்ளி விழாமல் பிடித்து வைப்பது இந்த விளிம்புகள்தான். இவற்றை 'லிப்ஸ்', அதாவது உதடுகள் என்பார்கள்.

ஒரு ரவுண்டு சுட்டதும், துப்பாக்கியின் நகரும் பாகம் பின்னால் போய், காலித் தோட்டாக் கூட்டை வெளியே எறியும். அது திரும்ப முன்னால் வருவதற்குள், மேகசின் ஸ்பிரிங் அடுத்த தோட்டாவை மேலே தூக்கித் தயாரா நிறுத்த வேண்டும். இது கண் இமைக்கும் நேரத்துக்கும் குறைவான வேலை. ஸ்பிரிங் தாமதித்தால் தோட்டா சரியாக ஏறாது, துப்பாக்கி அந்த இடத்திலேயே சிக்கிக்கொள்ளும்.

அதனால்தான் சில ரூபாய் மதிப்புள்ள ஒரு சின்னக் கம்பிச் சுருளுக்கு இவ்வளவு கவலை. ஆபத்தான நேரத்தில் ஒரு போலீஸ்காரரோ ராணுவ வீரரோ நம்பியிருப்பது அந்தச் சுருளையும்தான்.

'நிரப்பி வைக்காதே' என்ற பேச்சு எங்கிருந்து வந்தது?

இது சும்மா முளைத்த வதந்தி இல்லை. இதன் பின்னால் போர்க்கள அனுபவம் இருக்கிறது.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் படைகளும் இந்தியப் படைகளும் பயன்படுத்திய பிரென் இயந்திரத் துப்பாக்கியின் மேகசின் 30 ரவுண்டு கொள்ளும். ஆனால் வீரர்கள் வழக்கமா 28 ரவுண்டுதான் நிரப்புவார்கள். அதே காலத்து ஸ்டென் துப்பாக்கியின் மேகசின் 32 ரவுண்டு பிடிக்கும். அதிலும் சில ரவுண்டுகளைக் குறைத்தே போடுவார்கள்.

பிறகு வியட்நாம் போர். எம்16 ரைஃபிளுக்கு அப்போது 20 ரவுண்டு மேகசின் இருந்தது. பல அமெரிக்க வீரர்கள் அதில் 18 ரவுண்டோ 19 ரவுண்டோ மட்டும் போட்டுக்கொண்டார்கள். போர் முடிந்து வீட்டுக்குப் போனவர்கள் அந்தப் பழக்கத்தையும் கையோடு கொண்டுபோனார்கள். பிள்ளைகளுக்கும், வேட்டைக்குக் கூட வரும் நண்பர்களுக்கும் சொல்லிக்கொடுத்தார்கள்.

இதில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்றிரண்டு ரவுண்டு குறைத்துப் போடுவதற்கு, ஸ்பிரிங் தேய்ந்துவிடும் என்பது மட்டுமே காரணம் இல்லை. மேகசின் முழுக்க நிரம்பியிருந்தால் தோட்டாக்கள் ஒன்றோடொன்று இறுகி நிற்கும். அதைத் துப்பாக்கியில் செருகும்போது மேலே இருக்கும் தோட்டா கொஞ்சம் கீழே இறங்க இடம் வேண்டும். இடமில்லை என்றால் மேகசின் சரியாப் பூட்டாது. சுடத் தொடங்கியதும் கழன்று விழக்கூட வாய்ப்புண்டு. குறைத்துப் போட்டால் இந்தச் சிக்கல் இல்லை.

ஆக, பழக்கம் சரியானதுதான். ஆனால் அதற்குச் சொல்லப்பட்ட காரணம் காலப்போக்கில் 'ஸ்பிரிங் களைச்சுப் போயிடும்' என்று சுருங்கிவிட்டது.

ஸ்பிரிங்குக்குள் என்ன நடக்கிறது?

பால்பாயிண்ட் பேனாவைக் கழற்றினால் ஒரு குட்டி ஸ்பிரிங் வரும். அதை விரலால் லேசா அமுக்கி விடுங்கள். பழைய உயரத்துக்கே வந்துவிடும். இப்போது அதை இரண்டு கையாலும் பிடித்து பலமா இழுங்கள். நீண்டுபோய் அப்படியே நின்றுவிடும், திரும்பி வராது. ஸ்பிரிங் பற்றிய பாதி அறிவியல் இதிலேயே அடங்கிவிட்டது.

முதலில் நடந்தது மீள் மாற்றம். இரும்புக்குள் அணுக்கள் வரிசையா அடுக்கப்பட்டிருக்கும். லேசா அமுக்கும்போது அணுக்களுக்கு இடையிலான தூரம் கொஞ்சம் மாறும், விட்டால் பழைய இடத்துக்கே திரும்பும். எவ்வளவு அமுக்குகிறோமோ அவ்வளவு எதிர்விசை கிடைக்கும். இங்கிலாந்து விஞ்ஞானி ராபர்ட் ஹூக் 1678-ல் வெளியிட்ட நூலில் விளக்கிய விதி இதுதான். பள்ளிப் பாடத்தில் 'ஹூக் விதி' என்று படித்திருப்போம்.

இரண்டாவது நடந்தது நிரந்தர மாற்றம். மீள் எல்லையைத் தாண்டிவிட்டால் அணு வரிசைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி இடம் மாறிவிடும். அதன்பிறகு விசையை எடுத்தாலும் பழைய வடிவம் வராது.

சுருள் ஸ்பிரிங்கில் ஒரு சுவாரசியமும் உண்டு. அதை மேலிருந்து அமுக்கும்போது கம்பி நசுங்குவதில்லை, முறுக்கப்படுகிறது. ஈரத் துணியைப் பிழிகிற மாதிரி, கம்பியின் ஒவ்வொரு பகுதியும் கொஞ்சம் கொஞ்சமா முறுக்கேறுகிறது. அந்த முறுக்கு கம்பியின் தாங்கும் எல்லைக்குள் இருக்கும்வரை ஆபத்தில்லை.

மேகசின் ஸ்பிரிங் செய்யப் பயன்படும் கம்பியும் சாதாரண கட்டுக்கம்பி இல்லை. 'மியூசிக் வயர்' என்ற வகை பரவலா பயன்படுகிறது. பியானோ கம்பிக்குப் பயன்படும் உயர் கார்பன் எஃகு வகை இது. இதில் 0.7 முதல் 1 சதவீதம் வரை கார்பன் இருக்கும். குரோம்-சிலிக்கான் எஃகு, துருப்பிடிக்காத எஃகு வகைகளும் உண்டு. எல்லாமே நிறைய முறுக்கினாலும் மீண்டு வரும் குணத்துக்காகத் தேர்ந்தெடுக்கப்படுபவை.

அமுங்கியே இருந்தால் களைக்காதா?

மனித உடம்பை வைத்து யோசிப்பதால்தான் இந்தக் குழப்பம். ஒரு குடத்தை ஒரு மணி நேரம் தலையில் தூக்கி நின்றால் நமக்குக் கழுத்து வலிக்கும். தசை தன் நிலையைத் தக்கவைக்கத் தொடர்ந்து சக்தியைச் செலவழிக்கிறது, அதனால் களைக்கிறது. இரும்புக் கம்பி எந்தச் சக்தியையும் செலவழிப்பதில்லை. அதற்குக் களைப்பு என்ற விஷயமே இந்த வகையில் இல்லை.

வீட்டு வாசலில் நிற்கும் காரையே பாருங்கள். அதன் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்குகள் இரவு பகலா வண்டியின் எடையைத் தாங்கிக்கொண்டே இருக்கின்றன. 'ஸ்பிரிங் ஓய்வெடுக்கட்டும்' என்று யாரும் ராத்திரியில் காரை ஜாக்கி வைத்துத் தூக்குவதில்லை. எஞ்சினுக்குள்ளும் அப்படித்தான். வண்டியை நிறுத்தும்போது சில வால்வுகள் திறந்த நிலையில் நின்றிருக்கும், அவற்றின் ஸ்பிரிங்குகள் அமுங்கியே இருக்கும். மாதக்கணக்கில் ஷெட்டில் கிடந்த வண்டியும் பேட்டரி மாற்றியதும் ஸ்டார்ட் ஆகிறதே!

அப்படியானால் நேரம் ஆக ஆக ஒன்றுமே நடக்காதா? நடக்கும், ஆனால் மிகக் கொஞ்சம். பொறியியலில் இதை 'தளர்வு' என்பார்கள். அதிக அழுத்தத்தில் ஒரே நிலையில் வைத்த ஸ்பிரிங், காலப்போக்கில் தன் எதிர்விசையில் சிறு பகுதியை இழக்கும். இந்த இழப்பின் வேகம்தான் முக்கியம். ஆரம்பத்தில் கொஞ்சம் வேகமா நடக்கும், பிறகு வேகம் குறைந்துகொண்டே போகும். முதல் சில நாளில் குறைந்த அளவே அடுத்த சில நாளிலும் குறையும் என்று கணக்குப் போடக் கூடாது.

புது மேகசின் ஸ்பிரிங்கை அளந்து, சில தடவை நிரப்பிப் பயன்படுத்திவிட்டு மீண்டும் அளந்தால் உயரம் குறைந்திருப்பது தெரியும். 'ஐயோ, ஸ்பிரிங் போச்சு' என்று பலர் பயப்படுவது இதைப் பார்த்துத்தான். இது கோளாறு இல்லை, எதிர்பார்த்த விஷயம்தான். ஸ்பிரிங் தயாரிப்பவர்களே பல ஸ்பிரிங்குகளைத் தொழிற்சாலையில் வேண்டுமென்றே முழுசா அமுக்கி, இந்த முதல் குறைவை முன்கூட்டியே எடுத்துவிடுவார்கள். அதன்பிறகு ஸ்பிரிங் நிலையான உயரத்தில் நிற்கும்.

வெயிலும் சூடும் என்ன செய்யும்?

உலோகம் தொடர்ந்து விசையில் இருக்கும்போது மெல்ல உருமாறுவது வெப்பத்தைப் பொறுத்தது. எஃகு சுமார் 1,500 டிகிரி செல்சியஸில் உருகும். தனி வெப்பநிலைக் கணக்கில் அதில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கை எட்டும்போதுதான் இந்த மெல்லிய உருமாற்றம் கவலைப்படும் அளவுக்கு வரும். அது 250 டிகிரி செல்சியஸுக்கும் மேலே. நம் வீட்டுச் சூடு 30 டிகிரி, 35 டிகிரி. மத்தியான வெயிலில் மூடி வைத்த காருக்குள் 60 டிகிரியைத் தாண்டலாம். அதுவும் எஃகுக்குப் பெரிய விஷயமில்லை.

மியூசிக் வயர் ஸ்பிரிங்கை சுமார் 120 டிகிரி செல்சியஸுக்குள் பயன்படுத்துவதுதான் தொழில்துறை வழக்கம். தோட்டா நிரப்பிய மேகசினை அந்தச் சூட்டில் வைப்பதென்றால், ஸ்பிரிங்கை விட வெடிமருந்தைப் பற்றித்தான் முதலில் கவலைப்பட வேண்டும்!

அப்போ ஸ்பிரிங் எதனால்தான் தேயும்?

முதல் காரணம், திரும்பத் திரும்ப அமுக்கி விடுவது. ஒரு கம்பியை ஒரே இடத்தில் முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் கடைசியில் பட்டென்று உடைகிறது அல்லவா? இதற்கு 'உலோகச் சோர்வு' என்று பெயர். ஒவ்வொரு சுற்றிலும் கண்ணுக்குத் தெரியாத விரிசல் கொஞ்சம் வளரும். உலோகத்துக்கு உண்மையான சோர்வு இதுதான். அசையாமல் இருக்கும்போது இது நடப்பதில்லை, அசைவில்தான் நடக்கிறது.

அதற்காக நாலு தடவை நிரப்பினால் ஸ்பிரிங் போய்விடும் என்று அர்த்தமில்லை. கார் எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 முறை சுற்றும்போது, ஒவ்வொரு வால்வு ஸ்பிரிங்கும் நிமிடத்துக்கு 1,500 தடவை அமுங்கி விரிகிறது. ஒரு மணி நேரத்தில் 90,000 தடவை. அதையே வருஷக்கணக்கில் தாங்கும் அளவுக்கு ஸ்பிரிங் வடிவமைக்க முடியும்.

இரண்டாவது காரணம், எல்லையை மீறி அமுக்குவது. மூன்றாவது, துரு. கம்பியின் மேல் ஒரு சின்னத் துருக்குழி விழுந்தாலும், முறுக்கு விசை அந்த இடத்தில் குவியும். விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும். சென்னை, தூத்துக்குடி மாதிரி உப்புக்காற்று அடிக்கும் ஊர்களில் இரும்பு என்ன பாடுபடும் என்று சொல்லத் தேவையில்லை.

விதிவிலக்கு எது?

எல்லா மேகசினும் ஒரே மாதிரி இல்லை. இங்கேதான் 'கட்டுக்கதை' என்று ஒரேயடியா ஒதுக்குபவர்களும் கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

அமெரிக்க ராணுவம் 1911-ல் ஏற்ற கோல்ட் பிஸ்டலின் மேகசினில் 7 ரவுண்டுதான். தோட்டாக்கள் ஒரே வரிசையில் நிற்கும், ஸ்பிரிங்குக்குத் தாராளமா இடம் இருக்கும். அதனால் முழுசா நிரப்பினாலும் கம்பி அதன் எல்லையை நெருங்காது.

இன்றைய பிஸ்டல்கள் அப்படியில்லை. க்ளாக் 17 பிஸ்டலின் வழக்கமான மேகசின் 17 ரவுண்டு கொள்ளும். கைப்பிடியின் அளவைக் கூட்ட முடியாது, ரவுண்டு மட்டும் கூட வேண்டும். அப்போது ஸ்பிரிங்குக்கான இடம் சுருங்குகிறது. முழுசா நிரப்பும்போது கம்பி தன் தாங்கும் எல்லைக்குப் பக்கத்தில் போய் நிற்கிறது. எல்லையை நெருங்க நெருங்கத் தளர்வும் கூடும்.

அமெரிக்காவில் துப்பாக்கி ஸ்பிரிங் தயாரிப்புக்குப் பெயர்போன வுல்ஃப் நிறுவனமும் இதைத்தான் சொல்கிறது. இடம் தாராளமா இருக்கும் பழைய வகை மேகசின்கள் வருஷக்கணக்கில் நிரம்பியே இருந்தாலும் தாங்கும். அதிக ரவுண்டு அடைக்கும் புது வகைகளில் ஒன்றிரண்டு ரவுண்டு குறைத்து வைத்தால் ஸ்பிரிங்கின் ஆயுள் கூடும்.

அதாவது, அந்தக் காலத்து வீரர்களின் பழக்கம் அதிக ரவுண்டு மேகசின்களுக்கு இன்றைக்கும் பொருந்துகிறது. முழுசா காலி செய்து வைக்க வேண்டியதில்லை. ஒன்றிரண்டு குறைத்தாலே போதும்.

ஈராக்கில் நடந்தது என்ன?

ஸ்பிரிங் உண்மையிலேயே பிரச்சினையான ஒரு சம்பவமும் பதிவில் இருக்கிறது. 2003 ஈராக் போரில் அமெரிக்க வீரர்கள் வைத்திருந்த பிஸ்டல் பெரெட்டா எம்9. மேகசினில் 15 ரவுண்டு. வீரர்களின் கருத்தைக் கேட்டு அந்த ஆண்டு ராணுவம் தயாரித்த அறிக்கையில், மேகசின் ஸ்பிரிங்குகள் மிகவும் பலவீனமா இருப்பதாகவும், தோட்டா போன பிறகும் தட்டு மேலே வருவதில்லை என்றும் புகார் பதிவானது.

101-வது வான்வழிப் பிரிவு வீரர்களுக்கு இரண்டு யோசனைகள் சொல்லப்பட்டன. ஸ்பிரிங்கை இழுத்து நீட்டுங்கள், 15-க்குப் பதில் 10 ரவுண்டு மட்டும் போடுங்கள். கொஞ்சம் பலன் கிடைத்தது. ஆனால் கோளாறு முழுசா நிற்கவில்லை.

ஏன் நிற்கவில்லை? பேனா ஸ்பிரிங்கை நினைத்துப் பாருங்கள். இழுத்து நீட்டினால் உயரம் கூடும், பலம் கூடியது போலத் தோன்றும். ஆனால் அது எல்லை மீறிய நீட்டல். மறுபடி மேகசினுக்குள் அமுக்கும்போது அது பழையபடி சுருங்கத் தொடங்கும். ஸ்பிரிங்கை இழுத்து நீட்டுவது தற்காலிக ஒட்டு வேலை, வைத்தியம் இல்லை. சரியான வழி புது ஸ்பிரிங் போடுவதுதான்.

பாலைவன மணலையும் மறக்கக் கூடாது. மேகசின் கூட்டுக்குள் மணல் புகுந்தால் தட்டு உராய்ந்து தடுமாறும். நல்ல ஸ்பிரிங்கும் அப்போது பலவீனமானது போலத் தெரியும். பின்னர் இதே பிஸ்டலின் எம்9ஏ1 வகைக்கு மணலைத் தாங்கும் வழுவழுப்பான பூச்சுள்ள மேகசின்கள் வந்தன.

பழி ஸ்பிரிங் மேல், குற்றவாளி யார்?

மேகசின் சிக்கினால் முதலில் சந்தேகப்பட வேண்டியவை இவை.

மேல்வாய் உதடுகள்: நிரப்பி வைத்த மேகசினில் ஸ்பிரிங்கின் முழு விசையையும் இரவு பகலா தாங்குவது இந்த உதடுகள்தான். எஃகு உதடு அசையாது. ஆனால் பிளாஸ்டிக், உலோகத்தை விடச் சீக்கிரம் மெல்ல வளையும் பொருள். துணி காயப்போடும் பிளாஸ்டிக் கயிறு நாளாக நாளாகத் தொய்கிற மாதிரிதான். மேக்புல் நிறுவனம் தன் 'பி-மேக்' பிளாஸ்டிக் மேகசினை அறிமுகம் செய்தபோது கூடவே ஒரு மூடியும் கொடுத்தது. அதை மாட்டினால் மேல் தோட்டா கொஞ்சம் கீழே இறங்கி, உதடுகளின் மேல் இருக்கும் பாரம் குறையும். நீண்ட நாள் நிரப்பி வைப்பதற்கான ஏற்பாடு அது. கவலை ஸ்பிரிங்கைப் பற்றியது இல்லை, உதடுகளைப் பற்றியது என்பதைக் கவனியுங்கள்.

தட்டின் சாய்வு: எம்16, எம்4 ரைஃபிள் மேகசின்களில் தோட்டாவைத் தாங்கும் தட்டு முன்பக்கமா சாய்ந்து சிக்குவது பழைய பிரச்சினை. 2009-ல் அமெரிக்க ராணுவம் சாயாத புதுத் தட்டையும், பலமான ஸ்பிரிங்கையும் கொண்ட மேம்பட்ட மேகசினைக் கொண்டுவந்தது.

கூட்டின் விரிசலும் நசுங்கலும்: நம் நாட்டின் இன்சாஸ் ரைஃபிளுக்குப் பிளாஸ்டிக் மேகசின் உண்டு. 1999 கார்கில் போரின்போது, கடுங்குளிரில் அந்தக் கூடுகள் விரிசல் விட்டதாகப் புகார்கள் எழுந்தன. தகடு மேகசின் என்றால் கீழே விழுந்து நசுங்கலாம். ஒரு சின்னப் பள்ளம் போதும், தட்டு அங்கேயே நின்றுவிடும்.

தூசியும் அதிக எண்ணெயும்: முதலாம் உலகப் போரில் பிரான்ஸ் ராணுவம் பயன்படுத்திய ஷோஷா துப்பாக்கியின் மேகசினுக்குப் பக்கவாட்டில் திறப்பு இருந்தது. எத்தனை ரவுண்டு மிச்சம் என்று பார்க்க வசதிதான். ஆனால் பதுங்குகுழிச் சேறு உள்ளே புக அதுவே வழியானது. சேறு இல்லாத இடத்தில் எண்ணெய் அந்த வேலையைச் செய்யும். மேகசினுக்குள் எண்ணெய் ஊற்றினால் தூசி ஒட்டிப் பசையாகும். தோட்டாவின் அடியில் இருக்கும் பிரைமருக்குள் எண்ணெய் கசிந்தால் தோட்டாவே வெடிக்காமல் போகலாம்.

ஸ்பிரிங் உண்மையிலேயே பலவீனமானால் எப்படித் தெரியும்?

பயிற்சி பெற்ற ஆர்மரர்கள் கவனிக்கும் அறிகுறிகள் சில உண்டு. கடைசி ரவுண்டு போனதும் பல பிஸ்டல்களில் மேல்பாகம் பின்னால் நின்றுவிட வேண்டும். நிற்காமல் மூடிக்கொண்டால் ஸ்பிரிங்கைச் சந்தேகிக்கலாம். கடைசி சில ரவுண்டுகள் மட்டும் தொடர்ந்து சிக்கினாலும் அப்படித்தான். ஏனென்றால் மேகசின் காலியாகும்போது ஸ்பிரிங் விரிந்து, அதன் விசை குறைந்திருக்கும். பலவீனம் முதலில் அங்கேதான் தெரியும்.

இன்னொரு வழி, அதே வகைப் புது ஸ்பிரிங்கோடு பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது. கொஞ்சம் குட்டையா இருந்தால் பரவாயில்லை. ரொம்பவே குட்டையா இருந்தாலோ, துருக்கறை தெரிந்தாலோ மாற்ற வேண்டியதுதான்.

ஒவ்வொரு மேகசினுக்கும் நம்பர் போட்டு வைப்பது எளிய வழி. கோளாறு எப்போதும் 3-ம் நம்பர் மேகசினில்தான் வருகிறது என்றால், தப்பு துப்பாக்கியில் இல்லை, அந்த மேகசினில்தான் என்று உடனே புரிந்துவிடும்.

மாதாமாதம் காலி செய்து நிரப்புவது நல்லதா?

'ஸ்பிரிங்குக்கு ஓய்வு கொடுக்கிறேன்' என்று சிலர் அடிக்கடி மேகசினைக் காலி செய்து, மறுபடி நிரப்புவார்கள். நல்லது என்று நினைத்துச் செய்யும் இந்த வேலையில் மூன்று பாதகங்கள் இருக்கின்றன.

முதலாவது, ஸ்பிரிங் சும்மா இருந்தால் சுற்றுக்கணக்கு ஏறாது. ஒவ்வொரு முறை காலி செய்து நிரப்பும்போதும் ஒரு சுற்று கூடுகிறது.

இரண்டாவது, தோட்டாவுக்கு வரும் கேடு. ஒரே தோட்டாவைத் திரும்பத் திரும்பத் துப்பாக்கியின் சேம்பரில் ஏற்றி இறக்கினால், அதன் முனையில் இருக்கும் குண்டு ஒவ்வொரு மோதலிலும் கூட்டுக்குள் கொஞ்சம் அமுங்கும். உள்ளே இடம் குறைந்தால், சுடும்போது அழுத்தம் அபாயகரமா உயரக்கூடும்.

மூன்றாவதுதான் மிக முக்கியம். துப்பாக்கியைக் கையாளும் ஒவ்வொரு முறையும் தவறு நடக்க ஒரு வாய்ப்பு திறக்கிறது. நிரப்பும்போதும் காலி செய்யும்போதும் தவறுதலா வெடித்து உயிர்ப்பலியான சம்பவங்கள் உலகம் முழுக்க உண்டு. இல்லாத ஒரு பிரச்சினைக்குப் பயந்து, இருக்கிற ஆபத்தை அதிகப்படுத்துவதில் அர்த்தமில்லை.

இந்தியாவில் இது யாருக்குப் பொருந்தும்?

நம் நாட்டில் துப்பாக்கி வைத்திருக்க 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் பொதுவா 2 துப்பாக்கி வரைதான் வைத்திருக்க முடியும். தேர்தல் நேரத்தில் லைசென்ஸ் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வதும் நமக்குத் தெரிந்ததே.

வங்கி வாசலில் காவலாளிகள் வைத்திருக்கும் இரட்டைக்குழல் துப்பாக்கியில் கழற்றி மாட்டும் மேகசினே கிடையாது. குழலை மடித்து, இரண்டு தோட்டாவை நேரடியா போடுவார்கள். அதனால் அவர்களுக்கு இந்தக் கேள்வியே எழாது. போலீஸ், துணை ராணுவம், ராணுவம், லைசென்ஸ் பிஸ்டல் வைத்திருப்பவர்கள், துப்பாக்கி சுடும் விளையாட்டில் சில பிரிவு வீரர்கள் ஆகியோருக்குத்தான் இது பொருந்தும்.

மறக்கவே கூடாத எச்சரிக்கை

ஸ்பிரிங் தாங்கும் என்பதால், துப்பாக்கியை நிரப்பிய நிலையில் வீட்டில் வைக்கலாம் என்று அர்த்தமில்லை. இது உலோகத்தைப் பற்றிய பதில். குழந்தைகள் நடமாடும் வீட்டுக்கான பதில் வேறு. துப்பாக்கியைக் காலி செய்து பூட்டி வைப்பதும், தோட்டாக்களைத் தனியே இன்னொரு இடத்தில் பூட்டி வைப்பதும்தான் அது.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. மேகசினைக் கழற்றிவிட்டால் துப்பாக்கி காலி என்று பலர் நினைக்கிறார்கள். அது தப்பு. மேகசினில் இருந்து ஏற்கெனவே ஏறிய ஒரு ரவுண்டு சேம்பரில் இருக்கலாம். மேகசின் இல்லாமலே அது வெடிக்கும், உயிரை எடுக்கும். பல துயரங்கள் இந்த ஒரு ரவுண்டால் நடந்தவை. முதலில் மேகசினைக் கழற்ற வேண்டும், பிறகு சேம்பரைத் திறந்து கண்ணால் பார்த்து உறுதி செய்ய வேண்டும். இந்த வரிசை மாறக் கூடாது.

சுருக்கமா சொன்னால்...

* நல்ல தரமான மேகசின் நிரம்பியே இருந்தாலும் ஸ்பிரிங் சுலபத்தில் கெடாது. முதலில் கொஞ்சம் உயரம் குறைவது சகஜம்.

* அதிக ரவுண்டு கொள்ளும் மேகசின்களில் ஒன்றிரண்டு குறைத்து வைப்பது ஸ்பிரிங்குக்கும் நல்லது, துப்பாக்கியில் சுலபமா செருகவும் உதவும்.

* திரும்பத் திரும்ப நிரப்பிக் காலி செய்வது, துரு, எல்லை மீறிய அழுத்தம் ஆகியவைதான் ஸ்பிரிங்கின் எதிரிகள்.

* மேகசின் சிக்கினால் உதடுகள், தட்டு, கூடு, தூசி எல்லாவற்றையும் பார்த்துவிட்டு ஸ்பிரிங்குக்கு வாருங்கள். ஸ்பிரிங் போயிருந்தால் இழுத்து நீட்டாதீர்கள், மாற்றுங்கள்.

* ஸ்பிரிங் எவ்வளவு நாள் வேண்டுமானாலும் காத்திருக்கும். குழந்தையின் கைக்கு எட்டும் இடத்தில் அது காத்திருக்கக் கூடாது என்பதுதான் முக்கியம்.